பச்சை ஓலை

— அதான் கேக்குறேன் டீச்சரம்மா, இத்தனை படத்துல ஒரு மலையாவது இருக்குதா? படம்னா ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஓரமா ஒரு தென்ன மரம். இதென்னா, எல்லாம் உப்பு அம்பாரமா வரைஞ்சு தள்ளியிருக்குதுங்க!

— மரக்காணத்துல மலை எங்கக்கா இருக்கு?

— இல்லாததைக் காட்டத்தானே படம்? இருக்கிறதைப் பாக்க கண்ணு போதாதா? நான் எதுக்கு சொல்றேன்னா, நாளைக்கு அதிகாரிங்க வந்து சொவத்தைப் பாத்துட்டு, இது ஸ்கூலா உப்பு மண்டியான்னு கேக்கப் போறாங்க.

— ஹெச்.எம்.மும் அதையேதான் சொன்னார், பொன்னம்மாக்கா. டிராயிங் பீரியடே வேஸ்ட்டு, மேத்ஸுக்குக் கொடுத்துடலாம்னார். நாளைக்குக் கண்காட்சி நல்லா நடந்தாதான் அந்த ஒரு பீரியடாவது மிஞ்சும்.

— அவரு சொல்றதுலயும் ஞாயம் இருக்குது. படம் வரைஞ்சு எவன் கலெக்டர் ஆனான்? சரி, எனக்கெதுக்கு வம்பு. என் வூடு ஸ்கூல் சொவத்தை ஒட்டி இருக்குதேன்னு எட்டிப் பாத்தேன். பசங்க போயி எவ்ளோ நேரமாச்சு, நீங்க மட்டும் தரையில படத்தைப் பரப்பிக்கினு உக்காந்திருக்கீங்க. மொகமும் நல்லால்ல. காதல் கீதல்னு ஏதாவது...

— கதவைச் சாத்திட்டு வாங்கக்கா. ஒரு உதவி வேணும். இந்த ஊர்ல உங்களுக்குத் தெரியாத வீடே இல்லைன்னு சொன்னாங்க.

— யாரு சொன்னது? எவ சொன்னா?

— நல்லதாத்தான் சொன்னாங்க. இதெல்லாம் தீபாவளி லீவு முடிஞ்சு வந்ததும் வரையச் சொன்னது. அவங்கவங்க வாசல்ல நின்னு கண்ணுல என்ன படுதோ அதை மட்டும் வரைங்கன்னேன். எது யார் வீட்டு வாசல்னு சொல்லுங்க பாப்போம்.

— இதுல என்னா கஷ்டம்? தோ, இது சகாயராஜ் வூடு. கரண்டு கம்பம் சாய்ஞ்சிருக்குது பாருங்க. விழவும் விழாது, நிமிரவும் நிமிராது, அந்த வூட்டு மாமியா மாதிரி. இது அந்தோணிராஜ் வூடு. வாசல் பூரா கோழி. அதுல ரெண்டு எங்களுது, கேட்டா சண்டைக்கு வருவா. இது மாதா கெபிக்குப் பின்னாடி சதீஷ் வூடு. அட, நல்லாத்தான் வரையுதுங்க!

— எல்லாத்துலயும் பொதுவா என்ன இருக்கு?

— அதான் சொன்னேனே, அம்பாரம்.

— இன்னும் நல்லாப் பாருங்க.

— ஓலை போட்டு மூடின அம்பாரம். எல்லாம் பழுப்பு. ஒண்ணு மட்டும் பச்சை. கலர் தீந்து போச்சா?

— நானும் அப்படித்தான் நெனைச்சேன். காஞ்ச ஓலை பச்சையா இருக்குமான்னு பூவிழியைத் திட்டினேன். 'பச்சையாத்தான் இருக்குது மிஸ்'னு அழுதா. அடுத்த பையனும் அதையே சொன்னான். வேற வேற தெரு, வேற வேற வாசல். ஆனா அத்தனை பேரும் ஒரே அம்பாரத்துக்குத்தான் பச்சை அடிச்சிருக்காங்க. மோட்டார் கொட்டாய்க்குப் பக்கத்துல இருக்கிறது.

— அதுக்கு என்னா இப்போ?

— ஒரு தடவை ஓலை போட்டு மூடினா, எப்பக்கா பிரிப்பாங்க?

— லாரி வந்தாதான். புரட்டாசியில மூடினா, வியாபாரி வந்து வெலை பேசுற வரைக்கும் எவனும் கை வெக்க மாட்டான். பிரிச்சா மழை எறங்கி உப்பு கரைஞ்சிடும்ல?

— அப்ப தீபாவளி சமயத்துல ஒண்ணு மட்டும் பச்சையா இருந்தா?

— நடுவுல யாரோ பிரிச்சிருக்குது. திரும்ப மூட காஞ்ச ஓலை கெடைக்காம, மரத்துலேந்து வெட்டிப் போட்டிருக்குது. காத்துல பழைய ஓலை பறந்திருக்கும், வேற என்னா?

— அந்த வாரம்தான் உப்பளத்துல வேலை பாத்த மாயவன் காணாமப் போனார்.

— காணாமப் போனானாம்! செங்கல் சூளைக்கு வந்த ஒருத்தியை இழுத்துக்கினு கேரளா பக்கம் ஓடிட்டான். ஊருக்கே தெரியும். அவன் பொண்டாட்டி ஆராயிதான் பாவம், தெனம் பஸ் வர்ற நேரத்துக்குப் பூ வெச்சிக்கினு போயி நிக்கிறா.

— ஆராயி என்கிட்ட வேற மாதிரி சொன்னாங்க. ராத்திரியில திருட்டுத்தனமா உப்பு லாரி ஏறுதாம். முதலாளிகிட்ட சொல்லிட்டு வர்றேன்னு மாயவன் கெளம்பினாராம். அதுக்கப்புறம் வீட்டுக்கே வரலையாம்.

— புருஷன் ஓடிப் போனா எவளும் நாலு கதை கட்டத்தான் செய்வா.

— ஓடிப் போனார்னு ஊருக்கு யாருக்கா சொன்னது?

— நான்தான். எனக்கென்னா பயமா?

— உங்களுக்கு?

— எங்க வூட்ல சொன்னாங்க.

— அவருக்கு யார் சொன்னா?

— லைட்டைப் போடுங்க டீச்சரம்மா. இருட்டிக்கினு வருது.

— கரண்டு இல்லக்கா. இந்தப் படத்தை ஜன்னல்கிட்ட வெச்சுப் பாருங்க. பூவிழி வரைஞ்சது. விடியக்காலையில எழுந்து வாசலுக்கு வந்திருக்கா. அம்பாரத்து மேல ஒரு ஆள் நின்னு பச்சை ஓலையைப் பரப்பிட்டு இருக்கார்.

— இதுல மூஞ்சியே இல்லையே.

— மூஞ்சி வரைய அவளுக்கு இன்னும் வரல. அதனால ஒருத்தர் எப்படி நிக்கிறார்னு பாத்து வரைன்னு சொல்லிக் கொடுத்தேன். பாருங்க, இடது தோள் இறங்கியிருக்கு. ஒரு காலை அகட்டி வெச்சிருக்கார். கழுத்துல கயிறு கட்டி டார்ச் தொங்குது. பாத்தா யார் மாதிரி இருக்கு?

— மூட்டை தூக்குற ஆம்பளைங்க எல்லாருக்கும் ஒரு தோளு எறங்கித்தான் இருக்கும்.

— நேத்து சாயங்காலம் ஒருத்தர் பூவிழி வீட்டுக்குப் போயிருக்கார். 'நீ வரைஞ்ச படத்தைக் காட்டு பாப்பா'ன்னாராம். ஸ்கூல்ல இருக்குன்னதும், 'வேற யாரெல்லாம் பாத்தாங்க'ன்னு கேட்டுட்டுப் போனாராம். அப்போலேந்து அவளுக்குக் காய்ச்சல். யாருன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கிறா.

— நேத்து சாயங்காலமா? பாலு வாங்கியாரதுக்கு இவ்ளோ நேரமான்னு நான்கூட...

— என்னக்கா?

— ஒண்ணுமில்ல. சொல்லுங்க.

— இப்ப போய்ப் பாத்தா எல்லா ஓலையும் காஞ்சு ஒரே நிறமாயிடுச்சு. யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தப் பச்சை இந்தப் பேப்பர்ல மட்டும்தான் இருக்கு. ஆனா ஒண்ணுதான் எனக்குப் புரியல. அதுக்குள்ள ஏதாவது இருந்தா, இத்தனை நாள்ல வாடை வந்திருக்காதா?

— மீனை உப்புல போட்டு வெக்கிறோமே. கெடுதா?

— அக்கா!

— கொளுத்திடலாம் டீச்சரம்மா. என் வூட்ல அடுப்பு எரியுது. ரெண்டு நிமிஷத்துல சாம்பலாயிடும். நாளைக்கு சொவத்துல மலை ஒட்டிடலாம், மயில் ஒட்டிடலாம்.

— படத்தைக் கொளுத்தலாம். பாத்த கண்ணை என்ன பண்றது? இந்த வாசல்ல ஒண்ணு, அந்த வாசல்ல ஒண்ணுன்னு வகுப்பே பாத்திருக்கு. அந்த ஆள் நேத்து பூவிழி வாசலுக்கு வந்தார். நாளைக்கு யார் வாசலுக்குப் போவார்?

— அது சின்னப் புள்ள. அதைப் போயி...

— மோட்டார் கொட்டாய்ப் பக்கம் யாருக்கா காவல்? பேரை மட்டும் சொல்லுங்க. நான் போலீசுக்குப் போன் பண்ணிக்கிறேன்.

— நீங்க சொன்னா சிரிப்பாங்க. கலர் பென்சிலைப் பாத்துட்டு டீச்சரு கதை விடுறான்னுவாங்க. ஊருக்குப் புதுசு வேற.

— அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?

— போனை எங்கிட்ட குடு.

— நீங்களா?

— குடு, பொண்ணே. இதையும் நானே சொல்லிடறேன்.

— அக்கா, ஸ்கூல் கேட்டுகிட்ட யாரோ நிக்கிறாங்க.

— தெரியும். இருமல் கேட்டுது. தாழ்ப்பாளைப் போடு. மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடு. படத்தையெல்லாம் சுருட்டி உன் பையில வெச்சுக்க, ஒண்ணையும் வுடாத.

— நம்பர் போட்டுட்டேன், ரிங் போகுது. இந்தாங்க.

— ஹலோ, ஸ்டேஷனா? சார், மோட்டார் கொட்டாய் அம்பாரத்தை உடனே பிரிச்சுப் பாக்கணும். மாயவன் கேரளாவுக்குப் போகல சார், அதுக்குள்ளதான் கெடக்குறான். மொதல்ல ஸ்கூலுக்கு ஆள் அனுப்புங்க, கேட்டுகிட்ட வந்து நிக்கிறாரு. யாரா? எழுதிக்குங்க. அரசப்பன். ஆமா சார், காவலுக்கு இருக்கிற அரசப்பன்தான். நானா? கல்யாணமானதுலேந்து இந்தப் பேரை இன்னிக்கித்தான் மொதத் தடவையா வாயால சொல்றவ.