பூட்டிய எழுத்துகள்

சாப்பிட்ட கையைக் கழுவாமல் விசைப்பலகையைத் தொடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் குமட்டும். மற்றபடி நான் யாருக்கும் தொந்தரவு தராதவன்.

1987இல் தஞ்சோங் பகாரில் ஒரு சிறிய கணினி நிறுவனத்தில் சேர்ந்தேன். கணவரிடமிருந்து தப்பி வந்த பெண்களுக்கு ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒரு காப்பகம் இருந்தது. அந்தப் பெண்கள் சொல்வது வெளியே போகக் கூடாதென்று, தட்டும் எழுத்தைச் சங்கேதமாக்கி அனுப்பும் விசைப்பலகை ஒன்றைக் காப்பகத்தார் வரவழைத்திருந்தார்கள். அந்தச் சங்கேதத்தைப் பிரித்துக் கணினிக்குக் கொடுக்கும் டிரைவர் புரோகிராமை நான்தான் எழுதினேன். ஆறு வாரம் ஆனது. சுத்தமான வேலை.

அங்கே அவர்களுடைய வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்த பிலோமினம்மாள் கேட்டார்: "சவரி தம்பி, இனிமே வேற யாரும் படிக்க முடியாதுல்ல?"

"முடியாதுக்கா."

பிரித்த எழுத்துகளின் நகல் ஒரு மறைவான கோப்பில் சேரும்படி எழுதியிருந்தேன். பிழை பார்க்கத்தான். மாதம் ஒருமுறை பராமரிப்புக்குப் போகும்போது டிஸ்கெட்டில் எடுத்து வந்து படிப்பேன்.

குடித்துவிட்டு வந்தவன் எங்கே கடித்தான், எதை வாயில் திணித்தான் என்று பக்கம் பக்கமாக இருக்கும். எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்தக் கணவர்கள் மேல் அல்ல, வீட்டு அழுக்கை அந்நியர் முன் ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிற அந்தப் பெண்கள் மேல். படித்து முடித்ததும் டெட்டால் போட்டுக் கை கழுவுவேன். அடுத்த மாதமும் எடுத்து வருவேன்.

இந்த மார்ச் மாதம் ரூபியின் வாக்குமூலம் கிடைத்தது. அவள் கணவர் லாசரஸ் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவர். நல்ல குரல். முதுகில் கொதிநீர் ஊற்றினார் என்று அவரைப் பற்றிச் சொல்லியிருந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். "ரூபி எங்க இருக்கான்னு தெரிஞ்சா போதும் லா, பிரதர். கூட்டிட்டு வந்துருவேன்."

புக்கிட் பாத்தோக்கில் அவள் தங்கியிருந்த தோழி வீட்டின் புளோக் எண்ணையும் கதவு எண்ணையும் சொன்னேன்.

"நிச்சயமா?"

"அவளே சொன்னது."

செவ்வாய்க்கிழமை காலை அவர் அங்கே போய், கதவைத் திறந்த ரூபியைக் கத்தியால் குத்தினார். மின்தூக்கி வரை ஓடி வந்து அங்கேயே இறந்துபோனாள். லாசரஸ் உங்களிடம் என் பெயரைச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் நூர்தீன், பிரிந்த குடும்பத்தைச் சேர்த்து வைக்கத்தான் நினைத்தேன் என்று நேற்று சொன்னேன். நீங்கள் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்கிறீர்கள், அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியுமா என்று.

தெரியும். 'கண்டுபிடித்தால் என்னைக் கொன்றுவிடுவார்' என்று ரூபி சொல்லியிருந்தாள். முகவரி அதற்கு அடுத்த வரியில் இருந்தது.