ஒம்பதாம் நம்பர் பந்தல்

இல்லை சார், புகாரை வாபஸ் வாங்கற பேச்சே இல்லை. பதினாலு பில்லு, மொத்தம் இருபத்தோராயிரம் ரூபா. எட்டு மாசமா அந்தக் கோபு ஒரு பைசா தரலை. அவனோட கான்ட்ராக்டர் லைசென்ஸை நீங்க ரத்து பண்ணணும். அதுக்குத்தானே நான் புகார் எழுதினேன், அதுக்குத்தானே நீங்களும் லைசென்ஸ் போர்டுலேர்ந்து இந்த வெயில்ல லேக் மார்க்கெட் வரைக்கும் வந்திருக்கேள். முட்டி இப்படி இருக்கு, ஆஃபீஸ் மாடி ஏற முடியாதுன்னு எழுதினதும் ஆளையே அனுப்பிச்சாளே, அந்த மட்டும் சந்தோஷம். அதுவும் தமிழ் பேசற ஆளா. ஜெய்ராம்னுதானே சொன்னேள்? உங்க ஆம் பவானிபூர்லயா? நல்லது. காபியைக் குடிங்கோ, ஆறிடும்.

உறுதிமொழில கையெழுத்தா? போடறேன், போடறேன். எங்க ஓடிப்போறது. முதல்ல நான் யாருன்னு கேட்டுக்கோங்கோ. துறைமுகத்துல முப்பத்திநாலு வருஷம் எலக்ட்ரிகல்ல இருந்து ரிட்டையர் ஆனவன். பேரு மஹாதேவன்னு கேட்டா இன்னிக்கும் அங்க நாலு பேர் எழுந்து நிப்பா. சூப்பர்வைசர் சர்ட்டிபிகேட் இருக்கு. பூஜை வந்தா இந்தப் பெங்காலி ஊர்ல சந்துக்கு ஒரு கிளப்பு, கிளப்புக்கு ஒரு அம்மன் பந்தல். கரண்ட் வேணும்னா கோபு மாதிரி லைசென்ஸ் உள்ளவன் ஒயரிங் பண்ணணும். அப்புறம் என்னை மாதிரி ஒருத்தன் நேர்ல போய், எர்த் சரியா இருக்கா, எங்கயாவது கரண்ட் லீக் ஆறதான்னு மீட்டர் வச்சுப் பார்த்து ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடணும். உங்களுக்குத் தெரியாததா. பந்தலுக்கு ஆயிரத்தைநூறு. இந்த முட்டியை வச்சுண்டு பதினாலு பந்தல் ஏறி இறங்கியிருக்கேன் சார், கூலி கேக்கப்படாதா?

கோபு வேத்து மனுஷன் இல்லை. கோபாலகிருஷ்ணன். இதே தெருவுல வளர்ந்தவன், அப்பா பாங்க்ல இருந்தார். தமிழைக் காட்டிலும் பெங்காலி நன்னா வரும், கிளப் பசங்களுக்கெல்லாம் கோபு-தா, அதாவது கோபு அண்ணா. என்னைக் காகும்பான், சித்தப்பா முறை. ஆறு வருஷமா எங்களுக்குள்ள பில்லுன்னு ஒரு காகிதம் கிடையாது. பூஜை முடிஞ்சு பெரியவா காலைத் தொட வருவாளோல்லியோ, அந்த விஜயாங்கற நாளுக்கு சந்தேஷ் ஸ்வீட் பொட்டியோட வருவான். காலைத் தொடுவான், பொட்டியைக் கொடுப்பான். பொட்டிக்கு அடியில கவர் இருக்கும். நானும் எண்ண மாட்டேன், அவனும் சொல்ல மாட்டான்.

இந்தத் தடவை கையை வீசிண்டு வந்தான். வாசல்லயே நின்னான். செருப்பைக்கூடக் கழட்டலை. காலைத் தொடறதாவது! கவர் எங்கடான்னு நானே வாயை விட்டுக் கேக்கும்படி ஆச்சு. கேட்டதுக்கு ஒரு பேச்சுப் பேசிட்டுப் போனான் பாருங்கோ.

என்ன சொன்னானா? அது என்னத்துக்கு இப்ப. திமிர்ப் பேச்சு.

அதுக்கப்புறம் ஃபோன் பண்ணினா எடுக்கறதில்லை. வாட்ஸ்அப்ல நீலக் கோடு ரெண்டும் விழறது, பதில் கிடையாது. மார்க்கெட்ல எதிர்க்கப் பார்த்தா அந்தப் பக்கம் கடந்து போறான். நானா விடறவன்? உக்காந்து பதினாலு பில்லு எழுதினேன். பந்தல் பேரு, தேதி, ரீடிங்கு, ஒண்ணு விடலை. ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பிச்சேன், உங்களுக்கும் நகல் வச்சேன். பாருங்கோ, எர்த் ரீடிங் ஒண்ணாம் நம்பருக்கு ரெண்டு ஓம், ரெண்டாவதுக்கு ஒண்ணரை, ஒம்பதுக்கு ஒண்ணு புள்ளி எட்டு. துறைமுகத்துல கத்துண்ட ஒழுங்கு.

தேதியா? ஆமாம், எல்லாத்துக்கும் பூஜைச் சதுர்த்திதான் போட்டிருக்கேன். ஒரே நாள்ல பதினாலான்னா, ஏன் ஆகாது? காலம்பர அஞ்சு மணிக்குக் கிளம்பினா ஆயிடும். பவானிபூர்ல ஆரம்பிச்சு பாலிகஞ்ச்ல முடிச்சேன். டிராஃபிக் இருந்தது, யார் இல்லேன்னா. என்ன சார் இது, அவனை விசாரிங்கோன்னா என்னை விசாரிக்கறேள்.

ஒம்பதாம் நம்பரா? அது பாலிகஞ்ச்ல ஒரு சந்து. சின்னக் கிளப்பு. ஏன், அதைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாளா? இல்லை, சும்மா கேட்டேன். வேணும்னா ஒண்ணு பண்ணலாம். அந்த ஒம்பதை மட்டும் அடிச்சுடலாம். மீதி பத்தொம்பதாயிரத்தைநூறு வந்தா எனக்குப் போதும். அடிக்க முடியாதா? எல்லாப் பந்தலையும் நேர்ல பார்த்தேன்னு சேர்த்துத்தான் உறுதிமொழியா? ஒரு ஆயிரத்தைநூறுக்கு இவ்வளவு சட்டமா?

ஷியாமளா, நீ உள்ள போ. டம்ளரை அப்புறம் எடுத்துக்கலாம். பார்த்தேளா சார், நீங்க வந்ததுலேர்ந்து என் ஆத்துக்காரி அந்தக் கதவு நிலையைப் பிடிச்சுண்டு நிக்கறா. எட்டு மாசமா இந்தப் பார்வைதான். சாதத்தைப் போட்டுட்டு உள்ள போயிடறா. அவன் வாசல்ல நின்னு பேசினதை அவளும் கேட்டாளே.

சரி, கோபு உங்களுக்கு என்ன பதில் எழுதினான்? எழுதலையா? மூணு நோட்டீஸ் போயும் ஒரு வரி இல்லையா? நேர்ல வந்தானா? வந்து... லைசென்ஸை எடுத்துக்கோங்கோன்னுட்டானா? அவ்வளவுதான் சொன்னானா? என்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லலை?

சொல்லியிருக்கலாமே சார் அவன். சொல்லியிருந்தா, பொய்யின்னு நான் கத்தியிருப்பேன். அதுக்குப் பதிலெல்லாம் தயாரா வச்சிருந்தேன்.

அந்த ஒம்பதாம் நம்பர்ல ஒரு டாக் மேளம் அடிக்கறவன் வந்திருந்தான். தோள்ல பெரிய டோல் மாட்டிண்டு, இறகெல்லாம் கட்டிண்டு அடிப்பாளே, அவா. பாங்குராலேர்ந்து வந்தவன், நிமாய்னு பேரு. அஷ்டமி சாயங்காலம் மழை. ஆரத்திக்கு நேரம் இருக்குன்னு அந்த இரும்புத் தடுப்புல சாஞ்சுண்டு நின்னிருக்கான். தடுப்பு பூரா சீரியல் லைட் சுத்தியிருந்தது. டோலைக் கழட்டக்கூட இல்லை, அப்படியே போயிட்டான். கிளப்காரா மாரடைப்புன்னுட்டா. டாக்டரும் எழுதிக் கொடுத்துட்டார். தசமி அன்னிக்கு வேற டோல் வச்சு அம்மனைக் கங்கைக்கு அனுப்பிச்சுட்டா.

அந்தப் பந்தல்ல எர்த் கம்பியே போடலை சார். கோபுவோட ஆளுங்க, டெஸ்டுக்கு மஹாதேவன் சார் வருவார், அதுக்குள்ள போட்டுக்கலாம்னு விட்டிருக்கா. சார் வரலை. இல்லாத கம்பிக்கு நான் ஒண்ணு புள்ளி எட்டுன்னு போட்டிருக்கேன். எல்லாத்துக்கும் ஒரே நம்பர் போட்டா சந்தேகம் வரும்னு ஒண்ணொண்ணுக்கும் ஒரு நம்பர். இதோ இந்த மேஜைலதான், காபி குடிச்சுண்டே, அரை மணியில பதினாலும். ஆறு வருஷமா அப்படித்தான். எல்லாரும் அப்படித்தான் பண்றா.

விஜயா அன்னிக்குக் கோபு வாசல்ல நின்னு என்ன சொன்னான்னு கேட்டேளே. காகு, உங்க இருபத்தோராயிரத்தை நிமாய் பொண்டாட்டி கையில கொடுத்துட்டேன், என் பங்கு அதுக்கு மேல கொடுத்தேன், இனிமே நீங்க எதுலயும் கையெழுத்துப் போட வேண்டாம்னான். அவ்வளவுதான். கத்தக்கூட இல்லை.

தெரிஞ்சுண்டே ஏன் புகார் எழுதினேன்னா, எப்படிச் சொல்றது. நான் பணத்தைக் கேக்காம இருந்தா அவன் சொன்னதை ஒத்துண்ட மாதிரி ஆயிடுமே. நேர்ல போய் வேலை பார்த்தவன்தானே கூலி கேப்பான்? கேட்டுண்டே இருந்தா போயிருந்த மாதிரிதானே? பில்லு எழுதறச்சே எனக்கே பாதி நம்பிக்கை வந்துடுத்து சார், அந்தச் சந்துல நான் நின்னிருந்தேன்னு.

அந்தக் காகிதத்தைக் கிழிச்சுடுங்கோ. வேற எழுதிக்கோங்கோ. பதினாலுல ஒண்ணுக்கும் மஹாதேவன் போகலை. எழுதிட்டுக் கொடுங்கோ, போடறேன் கையெழுத்து.

என்ன எழுதப் போறேள்? உடம்பு முடியாததால போக இயலவில்லைன்னா? நல்ல மனசு உங்களுக்கு. வேண்டாம் சார், அதையும் அடிச்சுடுங்கோ. இந்த முட்டி டிசம்பர்ல பாத்ரூம்ல வழுக்கி விழுந்து போனது. பூஜை சமயத்துல நன்னாத்தான் இருந்தேன். அந்தச் சதுர்த்தி அன்னிக்குக்கூடக் காலம்பர லேக்கை ரெண்டு சுத்து சுத்திட்டு வந்துதான் கையெழுத்துப் போட உக்காந்தேன்.