இங்கே ஸ்பிரிங் வெட்டித் தரப்படாது

பிப்ரவரி 9, திங்கட்கிழமை. புறவழிச்சாலையில் உள்ள என் பட்டறையின் இரண்டாவது லிஃப்டில் ஒரு சாம்பல் நிறக் கார் முப்பது மில்லிமீட்டர் தாழ்த்தப்பட்டது.

காரைத் தாழ்த்தினால் மைலேஜ் கூடுமா என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. உள்ளே வந்து உட்கார்ந்ததும் நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள், மேடம். கூடும். வண்டியின் வயிற்றுக்குக் கீழே புகும் காற்று குறைகிறது, அதைத் தள்ளிக்கொண்டு போகும் வேலை எஞ்சினுக்கு மிச்சம். ஆனால் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போனால்தான். அதுவும் லிட்டருக்குக் கால் கிலோமீட்டர் தேறினால் பெரிது. ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் கிடையாது. அழகுக்காகத்தான் செய்துகொள்கிறார்கள். வீட்டில் சொல்ல மைலேஜ் என்று ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

என் தம்பியும் அழகுக்காகத்தான் வந்தான். மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை. தினமும் புறவழிச்சாலையில் போய் வருகிறவன், ஆகவே அவன் சொன்ன காரணத்தில் ஓரளவு நியாயமும் இருந்தது.

"தரையோட தரையா போனா காத்து எங்கண்ணா புகும்? பெட்ரோல் மிச்சம்தானே."

"பெட்ரோல் மிச்சமாகும். ஸ்பீட் பிரேக்கர்ல வண்டியோட அடிவயிறு மிஞ்சாது."

"அதைப் பார்த்துக்கத்தானே அண்ணன்னு ஒருத்தன் பட்டறை வச்சிருக்கான்."

என்னைவிடப் பதினோரு வயது சிறியவன். சைக்கிள் முதல் கார் வரை எல்லாவற்றையும் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். பட்டறையில் எல்லோருக்கும் அவன் சின்னவன்.

வேலையை முறையாகவே செய்தேன். அளவு குறைந்த புது ஸ்பிரிங் நான்கு வாங்கிப் போட்டேன், சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்துக் கொடுத்தேன். சிலர் காசை மிச்சம் பிடிக்கப் பழைய ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டித் தரச் சொல்வார்கள். நான் செய்வதில்லை. "இங்கே ஸ்பிரிங் வெட்டித் தரப்படாது" என்று சுவரில் எழுதியே வைத்திருக்கிறேன். நேற்று நீங்கள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன்.

ஏப்ரல் கடைசியில் சின்னவன் திரும்பி வந்தான்.

"அண்ணா, உன் வேலையோட லட்சணத்தைப் பாரு. முன்னாடி லிட்டருக்குப் பதினாறு குடுத்துச்சு. இப்ப பதினொண்ணு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. தாழ்த்தியதால் கால் கிலோமீட்டர் கூடாமல் போகலாம், ஐந்து குறையாது. சாவியை வாங்கிக்கொண்டு, சாயந்திரம் வா என்று அனுப்பிவிட்டேன்.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டயர் எங்கும் உரசவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. நான் வைத்த கோணம் வைத்தபடியே இருந்தது. ஓட்டிப் பார்க்கலாம் என்று ஏறி உட்கார்ந்தபோது முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது, சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். வண்டியை எடுத்ததும் கிளட்ச் கருகிய வாசனை வந்தது. நெரிசலில் கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டுகிறான் என்று நினைத்தேன். பின்பக்கக் கண்ணாடியில் எதையோ ஒட்டிப் பிய்த்த பசை சதுரமாக இருந்தது. வண்டி அழுக்காக இருந்தால் எனக்குப் பிடிக்காது. துணியைப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்தேன்.

பிறகு லிஃப்டில் ஏற்றினேன். வண்டியின் அடிப்பக்கத்தில், குறுக்குச் சட்டம் முழுக்கப் பச்சை பெயிண்ட் இழுபட்டிருந்தது.

எங்கள் தெருமுனையில் ஒரு ஸ்பீட் பிரேக்கர் இருக்கிறது. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வங்கிக்காரர் தன் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயிண்டை அதன் மேல் அடித்துவைத்தார். வேறெங்கும் பச்சை நிற ஸ்பீட் பிரேக்கரை நான் பார்த்ததில்லை. எல்லாம் மஞ்சளும் வெள்ளையும்தான். பெயிண்ட் அடித்தது மார்ச்சில். கீறல் ஒன்று இரண்டு அல்ல, கீறல் மேல் கீறல். தாழ்த்திய வண்டி ஒவ்வொரு முறை தாண்டும்போதும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறது.

என் வீட்டில் நான் இருக்கும் நேரத்தில் சின்னவன் வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

சாயந்திரம் வண்டியை எடுக்க வந்தவனிடம் கேட்டேன், வீட்டுப் பக்கம் வருவதே இல்லையே என்று.

"எங்கண்ணா நேரம். அண்ணியைப் பார்த்தே ரெண்டு மாசம் ஆச்சு. கேட்டேன்னு சொல்லு."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டேன்.

"சின்னவன் வந்தானா இந்தப் பக்கம்?"

"அவரு எங்க வரப்போறாரு. பெரிய ஆபீசராச்சே," என்றாள். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

மேடம், அந்தச் சிரிப்பைப் பற்றி நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். வீட்டுக்குள் எனக்குத் தெரியாமல் ஒன்று நடக்கிறது, அது அவளுக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் வளர்த்தவன், நான் கட்டிக்கொண்டவள். வெளியாள் ஏமாற்றினால் நாலு பேரிடம் சொல்லிப் புலம்பலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சண்டை போட்டிருக்கலாமே என்றீர்கள். சண்டை போட்டால் இல்லை என்பார்கள். பிறகு நான் சந்தேகப் பிராணி ஆகிவிடுவேன். பச்சை பெயிண்ட் பொய் சொல்லாது, மனிதர்கள் சொல்வார்கள். நான் யோசித்துத்தான் முடிவெடுத்தேன்.

மே மாதம் சின்னவனைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் தாழ்த்தினால் மைலேஜ் ஏறும் என்று சொன்னேன். நான் சொன்னால் நம்புவான்.

"உன் இஷ்டம்ணா. ஆனா அதுக்கப்புறம் நான் எறும்பைப் பார்த்தா ஹாரன் அடிக்கணும்."

மதியம் ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில் முன்பக்க ஸ்பிரிங் இரண்டிலும் வெட்டினேன். வண்டியின் எடை மேலே இருக்கும்வரை வெட்டிய ஸ்பிரிங் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். எடை ஒரு நொடி நீங்கிச் சக்கரம் தொங்கினால், அதைத் தன் இடத்தில் பிடித்துவைக்க எதுவும் இல்லை. ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாது. புறவழிச்சாலைப் பாலம் முடியும் இடத்தில் ஒரு மேடு இருக்கிறது. அதை வேகமாகத் தாண்டுவது சின்னவனுக்கு விளையாட்டு. வயிற்றில் ஜில்லென்று இருக்குமாம். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

வண்டி போனது. நான் அடுத்த வண்டியை லிஃப்டில் ஏற்றினேன்.

மே 27, புதன்கிழமை, முற்பகலில் போன் வந்தது. பாலத்தைத் தாண்டி வண்டி இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கம்பத்தில் மோதியிருந்தது. சாம்பல் நிறக் கார் என்றார்கள். நான் தயாராகத்தான் இருந்தேன். இரண்டு பேர் என்றார்கள். அதுவும் எனக்குப் புதிதில்லை, பார்த்தீர்களா, நான் நினைத்தது சரி என்றே தோன்றியது. ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள், ஓட்டிக்கொண்டு வந்தது பெண் என்று, கொண்டுவரும்போதே அவளுக்கு உயிர் இல்லை என்று.

சின்னவனுக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. நினைவு திரும்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான்தாண்ணா காரணம். ஊருக்குள்ள நல்லா ஓட்டினாங்க. டெஸ்ட்டுக்கு முன்னாடி ஒரு தடவை பைபாஸ்ல ஓட்டிடலாம்னு நான்தான் கூட்டிட்டுப் போனேன். மேட்டுக்கிட்ட வந்ததும், கொஞ்சம் வேகமா போங்க அண்ணி, ஜில்லுனு இருக்கும்னு சொன்னேன். வேணாம்னாங்க. நான்தான் விடல."

அழாதே என்றேன். உன் தப்பு இல்லை என்றேன். நீங்கள் வரும்வரை ஒன்பது நாள் அதையேதான் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் நம்பவில்லை.

மீதியையும் அவனே சொன்னான். ஜனவரியில் என் டிரைவர் வேலையை விட்டுப் போனான். வாடிக்கையாளர் வண்டிகளை எடுத்துவரவும் கொண்டுபோய் விடவும் நம்பிக்கையான ஆள் இல்லை என்று வீட்டில் தினமும் புலம்பிக்கொண்டிருந்தேன். எனக்குக் கற்றுக்கொடுங்கள், நான் செய்கிறேன் என்று அவள் ஒருநாள் கேட்டாள். "நீ முதல்ல ரோட்டைத் தாண்டக் கத்துக்கோ" என்றேன். பட்டறை ஆட்கள் முன்னால் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. சின்னவனிடம் கேட்டிருக்கிறாள். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, ஒரு வாடிக்கையாளர் வண்டியைத் தானே ஓட்டிவந்து பட்டறை வாசலில் நிறுத்துவதாகத் திட்டம். அதுவரை என்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

சீட் முன்னால் இழுத்திருந்ததைக் கவனிக்கவில்லையா என்று கேட்டீர்கள். கவனித்தேன். அவள் என் தோளுயரம்தான். கருகிய கிளட்ச் புதிதாகப் பழகுகிறவர்களின் வேலை என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். பின்கண்ணாடியில் இருந்த பசை, கற்றுக்கொள்பவர் ஒட்டும் 'எல்' எழுத்தின் அளவு. வண்டி என்னிடம் எல்லாவற்றையும் சொன்னது. சீட்டைத் தள்ளினேன், கண்ணாடியைத் துடைத்தேன், பச்சை பெயிண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். இருந்தாலும் இரண்டு பேரும் என் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னார்கள். அதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது.

ஸ்பிரிங்கை வெட்டியது நான். தெரிந்தே வெட்டினேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. பட்டறை ஆட்களை விட்டுவிடுங்கள்.

அவளுடைய டெஸ்ட் வெள்ளிக்கிழமை இருந்தது. சின்னவனிடம் நேற்று நீங்கள் விஷயத்தைச் சொன்ன பிறகு, என்னைப் பார்க்க விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம். அது அவன் முடிவு. ஆனால் அவனிடம் ஒன்றை மட்டும் தெரிவித்துவிடுங்கள். முதல் கியரிலேயே தெருத்தெருவாக ஓட்டினால் எந்த வண்டியும் பதினொன்றுதான் கொடுக்கும். மைலேஜ் குறைந்ததற்கு என் வேலை காரணம் இல்லை.