கீபோர்டு உடையவில்லை, அண்ணே!

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் நம் சங்கக் கலைக்குழுத் தலைவர் அண்ணன் தேசப்பன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, அரைநாள் வேலையை விட்டு வந்திருக்கும் மரக்காணத்து உப்பளத் தோழர்களே, வணக்கம்.

சாலை விபத்தில் நம்மை விட்டுப் போன சகோதரி திரௌபதியைப் பற்றி அண்ணன் கண்கலங்கப் பேசினார். "எங்கள் கலைக்குழுவின் கண்மணி" என்றார். கண்மணியாம்! போன வருஷம் அந்தக் கண்மணியை என்ன சொல்லித் துரத்தினீர்கள் அண்ணே? உங்களுக்கு மறந்திருக்கும். கீபோர்டு வாசிக்கும் மாயவன் நான், பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

சுனாமிக்குப் பிறகு சங்கத்துக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது. அதை இயக்கியது லினக்ஸ் என்ற இலவச மென்பொருள். காலையில் உப்பு வாரிவிட்டு, மத்தியானம் அதன் முன்னால் உட்கார்ந்து, தானாகவே கற்றுக்கொண்டாள் திரௌபதி. உப்பளத்தில் குடிதண்ணீரும் நிழலும் கேட்டு நாம் எழுதிய பாட்டை அதில் பதிவு செய்யக் கூடினோம். நான் வாசிக்கும் கீபோர்டைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். கட்டை கட்டையாக அழுத்துகிறேன், ஒன்றுமே பதிவாகவில்லை!

உடனே தீர்ப்பு சொன்னார் அண்ணன்: "குடிச்சிட்டு கீழ போட்டு ஒடைச்சிட்டியாடா? நாளையிலேர்ந்து வராத!"

நான் குடிப்பவனா? கேட்டாரா? இந்தப் பெரியோர்களில் ஒருவராவது வாய் திறந்தாரா? தலையாட்டினார்கள். அதற்குத்தான் மூளை தேவையில்லையே!

திரௌபதி மட்டும் சொன்னாள்: "கொஞ்சம் இருங்கண்ணே. என்னென்ன மிடி போர்ட் இருக்குதுன்னு பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க."

எந்தக் கட்டையை அழுத்தினோம் என்ற சேதி கம்ப்யூட்டருக்குள் நுழையும் வாசல்தான் அந்தப் போர்ட். ஒரே ஒரு வரி தட்டினாள். திரையில் பட்டியல் விழுந்தது. இரண்டாவதாக என் கீபோர்டின் பெயர்! அது நன்றாகத்தான் இருந்தது. பாட்டைப் பதிவு செய்யும் சாஃப்ட்வேர்தான் வேறொரு வாசலில் காத்துக் கிடந்தது. சரியான பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "இப்ப வாசிங்க மாயவண்ணே" என்றாள். முதல் சுரம் பதிவானபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்டாரா அண்ணன்? "உப்பு வார்ற பொம்பள எனக்குப் பாடம் எடுக்குறியா? குழுவுல இனிமே உனக்கு எடம் இல்ல, போ!" என்றார். அவள் போனாள். நான்? என் இடம் தப்பியதே போதுமென்று தலை குனிந்து வாசித்தேன். வெட்கம் கெட்டவர்கள் வரிசையில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரமே அவள் அந்த வழிமுறையைத் தமிழில் எழுதிச் சங்கத்துச் சுவரில் ஒட்டினாள். இன்றுவரை அண்ணனின் குழு அதைப் பார்த்துத்தான் பதிவு செய்கிறது. எழுதியவள் பெயரை மட்டும் யாரோ கிழித்துவிட்டார்கள். எவ்வளவு பெரிய வீரம்!

சகோதரி திரௌபதி, கேள். இந்த நிமிஷமே நான் கலைக்குழுவிலிருந்து விலகுகிறேன். ஞாயிறு முதல் சங்கத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கும். எடுக்கப்போகிறவள் உன்னிடமே கற்றுக்கொண்ட உன் தங்கை ஞானாம்பாள். முன்வரிசையில் நான் உட்காருவேன். அண்ணன் தேசப்பனும் வரலாம். கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டால் அவள் பொறுமையாகச் சொல்லித் தருவாள்.