அமைச்சரின் காது

என் சகலை நன்றாகப் பேசுவான். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை, ஐயா. சாப்பிட உட்கார்ந்தால் மாமியார், "சின்ன மாப்பிள்ளை பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்பார். பெரிய மாப்பிள்ளை நான், அமைச்சரின் உதவியாளர். என் தட்டு காலியாகக் கிடப்பது யார் கண்ணிலும் படாது. என் மனைவியும் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவன் தையல் தொழிலாளர் சங்கத்தின் பிரதிநிதி. ஆலைகளில் ஒவ்வொரு மாடிக்கும் இரண்டாவது படிக்கட்டு கட்டாயம் என்று ஒரு விதி கேட்டு அமைச்சர் அலுவலகத்துக்கு நான்கு முறை வந்தான். பார்வையாளர் பதிவேட்டில் சங்கத்தின் பெயரை எழுதினான். எல்லோரையும் போல பெஞ்சில் காத்திருந்தான். மனுவைக் கொடுத்து, அதிகாரிகளை வைத்துக்கொண்டே வாதாடினான். நான்காம் முறை அமைச்சர் எழுந்து நின்று அவனுக்குக் கை கொடுத்தார். பதினோரு வருடத்தில் எனக்கு அவர் கை கொடுத்ததில்லை.

அந்த வாரமே ஓர் ஆலை முதலாளி வந்தார். என்னைத் தேடி வந்தார், ஐயா.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார்.

அவர் பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை. என் மகள் பெயருக்கு ஒரு வீட்டை எழுதினார். மறுநாள் காரில் போகும்போது அமைச்சரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"இந்த விதி வந்தா ஆலையெல்லாம் இழுத்து மூடிடுவாங்க சார். சங்கத்துக்காரங்க பேச்சை நம்பாதீங்க."

விதிக்கான கோப்பு கையெழுத்தாகாமலே என் அலமாரிக்கு வந்து சேர்ந்தது.

நேற்று விசாரணையில் நீங்கள் கேட்டீர்கள்: "உங்க சகலையும்தான் அமைச்சர்கிட்ட பேசினார். ஊரறியக் காரணத்தைச் சொன்னார். நீங்க என்ன செஞ்சீங்க? அமைச்சரோட காதையே வித்துட்டீங்க."

ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்கு ஆசைப்பட்டுச் செய்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த வீட்டை நான் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றாலும் அப்படியே எழுதுங்கள். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். அவன்மேல் எனக்கு என்ன பொறாமை?

அதிலிருந்து ஏழாவது மாதம் அந்த முதலாளியின் ஆலையில், கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. இருந்தது ஒரே படிக்கட்டு. தீ அதன் வழியாகத்தான் மூன்றாவது மாடிக்கு ஏறியது. சகலை எனக்குத்தான் முதலில் போன் செய்தான்.

"அண்ணா... பதினேழு பேர், அண்ணா. எல்லாம் பொம்பளைங்க..."

அதற்குமேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. நான் ஆறுதல் சொன்னேன். ஆனால் என் மனதில் முதலில் வந்தது அந்தப் பெண்கள் அல்ல, மறைக்காமல் சொல்கிறேன். இனி எல்லோரும், அவன் அப்போதே சொன்னானே என்பார்கள்.