டெல்மரின் குழலில் என் முத்திரை

எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் நல்ல மேப்பிள் பலகைக்குப் பஞ்சமில்லை. டெல்மர் ஹால்கம் துப்பாக்கிக் கட்டைக்காகத் தன் கட்டிலின் தலைமாட்டை அறுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தபோது அதைத்தான் சொன்னேன். கொஞ்சம் பொறுத்திருந்தால் அறுவை ஆலையில் சும்மாவே கிடைத்திருக்கும். நிலக்கரிச் சுரங்கத்தில் பாதி ஆட்களை நிறுத்தியிருந்த குளிர்காலம் அது. அவனும் சும்மாதான் இருந்தான்.

அதற்கு முன்பு என்னிடம் விலைக்கு வாங்கத்தான் வந்தான். குழலில் வெடிமருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கி செய்து விற்பதுதான் என் தொழில். விலையைக் கேட்டவுடன் விசிலடித்தான்.

"ஆர்வில் அண்ணே, இந்தக் காசுக்கு ஒரு டிரக் வாங்கி மானை இடிச்சே கொன்னுருவேனே!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு அவனே செய்ய ஆரம்பித்தான். குழல் பழைய சாமான் சந்தையில் கிடைத்தது. விசைக்கான வில்தகட்டை ஒரு உடைந்த ரம்பத்திலிருந்து வெட்டினான். எல்லாம் என் பட்டறையில், என் அரங்களை வைத்து. நான் கூலி வாங்கவில்லை. இதையும் நீங்கள் வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

வசந்தம் வருவதற்குள் அது அழகாகவே உருவாகிவிட்டது. என்னிடம் துப்பாக்கிக்குச் சொல்லி வைத்திருந்த ஒருவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒடஞ்ச கட்டில்லயே இவ்வளவு வருதுன்னா, நீ எதுக்குய்யா எங்ககிட்ட இந்தக் கறவை கறக்குற?"

முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலரும். எனக்கு வருத்தமில்லை. அது அவர்கள் விருப்பம்.

எங்கள் துப்பாக்கி சுடும் குழுவில் சோதிக்காத குழலை யாரும் தோளில் வைக்கக் கூடாது. குழலைப் பழைய டயரில் கட்டி, இரட்டை அளவு மருந்து கெட்டித்து, தள்ளி மரத்துக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுப்போம். தாங்கினால், சோதித்தவன் குழலின் அடியில் தன் முத்திரையைக் குத்துவான். என் முத்திரை இருந்தால் இந்த மாவட்டத்தில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

டெல்மரின் குழல் தாங்கியது. அவன் குதித்தான். மனைவி வெர்னா கட்டிக்கொடுத்த சோள ரொட்டியை எடுக்க வண்டிக்கு ஓடினான். கரி போக நான் குழலுக்குள் வெந்நீர் ஊற்றினேன். அடிப்பக்கத்தில், மருந்து இருக்கும் இடத்துக்கு நேராக, வெளியே ஒரு சொட்டு நீர் துளிர்த்தது. துடைத்தேன். மறுபடியும் துளிர்த்தது.

அது மயிரிழை விரிசல். சொல்லியிருக்கலாம். ஆனால் இன்னொரு குழல் வாங்க அவனுக்கு வழியில்லை. அந்த முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் மனம் வந்திருக்காது.

"நெசமாவே தாங்கிருச்சா அண்ணே?"

"முத்திரை குத்தியாச்சு. சாப்பிடுடா."

மேப்பிள் கட்டையில் பதித்த பிறகு குழலின் அடிப்பக்கம் யார் கண்ணுக்கும் தெரியாது.

குழுவின் சுடும் போட்டியன்று வெர்னா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க கட்டிலத்தான் தோள்ல தூக்கிட்டு வர்றாரு. இன்னிக்கு ஜெயிக்கலன்னா இவரு தரையில, நான் எங்கம்மா வீட்ல."

புதுத் துப்பாக்கியின் முதல் குண்டுக்கு, முத்திரை குத்தியவன் சுடுபவனின் தோளை ஒட்டி நிற்பது எங்கள் வழக்கம். தன் முத்திரையைத் தானே நம்புகிறான் என்று காட்டுவதற்கு. இத்தனை வருடங்களில் நான் நிற்காமல் இருந்ததில்லை.

"வாங்கண்ணே, உங்க எடம் காலியா கெடக்கு," என்றான் டெல்மர்.

நான் வெர்னாவின் தோளைப் பிடித்து முன்னால் நகர்த்தினேன். "கட்டில் உன்னோடதும்மா. நீதான் நிக்கணும்."

கூட்டம் கைதட்டியது. நான் வால்நட் மரத்துக்குப் பின்னால் போனேன்.

டெல்மர் அங்கேயே இறந்தான். வெர்னாவுக்கு ஒரு கண்ணாவது மிஞ்சும் என்று மருத்துவமனையில் சொல்கிறார்களாம். கேட்க ஆறுதலாக இருந்தது.

குழல் வெடிக்கும் என்று எனக்குத் தெரியாது. இரட்டை மருந்தைத் தாங்கிய குழல், ஒற்றை மருந்தையும் தாங்கியிருக்கலாம். வெர்னாவை நிறுத்தியது அவள் மீதான மரியாதையில். மரத்துக்குப் பின்னால் போனது வெயில் தாங்காமல்.

காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்கிறீர்கள். சரி, வெயில் இல்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.