ஒப்படைப்பு நோட்டு

– டிக்கெட்டும் அந்தக் கவருக்குள்ளயேதான் சார் இருக்கு. பன்னெண்டரை மணி விமானம். கிளம்புங்க.

– நான் எங்கயும் போகலை, எனலா. அடிஸ் அபாபாவுல மாநாடாம். உலகத்துல இருக்கற அட்டர்னி ஜெனரல் எல்லாம் கூடறாங்களாம். இன்னிக்குக் காலையில பல் விளக்கற வரைக்கும் அப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது!

– அழைப்புக் கடிதம் இருக்கே.

– அதுல மையே காயலை, தொட்டுப் பாரு.

– சார், கொஞ்சம் உக்காருங்க. நீங்க நடக்கற நடையில தரை தேஞ்சுடும்.

– தேயட்டும். நேத்து மத்தியானத்துலேர்ந்து சோறு இறங்கலை தெரியுமா? பாரு, எனக்கு ஒண்ணும் புரியாம இல்லை. மேசைமேல கிடக்குதே ஒரு தாள், அதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு நம்ம ஜனாதிபதி பெரியவருக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் நாட்டை விட்டு வெளியில போனா, என் அதிகாரம் தானா சொலிசிட்டர் ஜெனரலுக்கு வந்துடும். அதாவது உனக்கு.

– சட்டம் அப்படித்தானே சொல்லுது.

– காலையில உன்னைக் கூப்பிட்டாரா ஜனாதிபதி?

– கூப்பிட்டார்.

– என்ன சொன்னார்?

– ஒண்ணும் சொல்லலை. பசங்க என்ன படிக்கறாங்கன்னு கேட்டார். டீ குடுத்தார். ஒரு கிண்ணம் வேர்க்கடலை குடுத்தார்.

– எனக்கு வெறும் டீதான். உனக்கு வேர்க்கடலையுமா! அப்ப இந்த நாற்காலி உனக்குத்தான்.

– கிண்டல் பண்ண நேரமில்லை சார். மணி பத்தே முக்கால்.

– கிண்டல் இல்லம்மா, பயம். நீ கையெழுத்துப் போட்டுடுவியோன்னு பயம். அந்தத் தாள்ல எத்தனை வரி இருக்கு சொல்லு.

– ஒரு வரி. ‘இந்த வழக்கை அரசு தொடர விரும்பவில்லை.’

– அவ்வளவுதான். ஏன்னு நீதிபதி கேக்க முடியாது. எந்தக் கோர்ட்டும் கேக்க முடியாது. ரெண்டு மணிக்குக் குற்றப்பத்திரிகை படிக்கறதுக்கு முன்னாடி அதைக் கொண்டுபோய் நீட்டினா, பெரியவரோட மாப்பிள்ளை கையை வீசிக்கிட்டு வீட்டுக்குப் போவான். நூறு பேர் ஏற வேண்டிய படகுல முந்நூறு பேரை ஏத்தி, காத்து அடிக்குதுன்னு துறைமுக கிளார்க் கெஞ்சக் கெஞ்ச, ஏரிக்குள்ள விடச் சொன்னவன். நாப்பத்தோரு பேர் எனலா!

– தெரியும் சார்.

– என்ன தெரியும்? நீ கோர்ட்டுக் கட்டுல எண்ணிக்கையைப் பார்த்த. நான் கரையில நின்னு பார்த்தேன்.

– நீங்க அரசாங்கத்தோட வக்கீல். கட்சிக்காரர் வழக்கு வேண்டாம்னா வக்கீலுக்கு என்ன வந்துதுன்னு ஊர்ல கேப்பாங்களே?

– கேக்கட்டும், பதில் சொல்றேன். மந்திரிசபையில அவர் பக்கத்துல உக்காருவேன். ஆலோசனை கேட்டா சொல்லுவேன். அவருக்காக எந்தக் கோர்ட்லயும் தொண்டை கிழிய வாதாடுவேன். ஆனா ஒரு குற்ற வழக்கை நடத்தறதா நிறுத்தறதான்னு முடிவு பண்றப்ப, என் பக்கத்துல யாரும் உக்காரக் கூடாது. அவரும்தான். எனக்குப் பதவிப் பிரமாணம் பண்ணி வச்சவங்க மாப்பிள்ளை பேரையா சொல்லச் சொன்னாங்க?

– அப்ப இங்கயே இருந்தா என்ன ஆகும், அதைச் சொல்லுங்க.

– முடியாதுன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன்.

– பன்னெண்டு மணிக்குள்ள உங்களை எடுத்துட்டேன்னு கடிதம் வந்துடும். நாற்காலி காலி. ஒரு மணிக்குப் புது ஆளு வந்து பிரமாணம் எடுத்துக்குவான். ஒன்றரைக்கு அவன் கையெழுத்துப் போடுவான். உங்களுக்கு மனசு நிறையும். வழக்கு செத்துப்போகும்.

– அதுக்காக உன் தலையில கட்டிட்டு ஓடிப்போகச் சொல்றியா? எனலா, பதினோரு வருஷமா கூட வேலை பார்க்கறோம். நீ எழுதற ஒரு வரியைக்கூட நான் திருத்தினது இல்லை. என்னைத் துரத்தறதுல உனக்கு ஏன் இவ்வளவு அவசரம்? உன் புருஷனை மிரட்டினாங்களா? இல்ல, நிஜமாவே நாற்காலி மேல ஆசை வந்துடுச்சா?

– ஒப்படைப்பு நோட்டு இதோ இருக்கு. ‘இத்தனை மணிக்குப் புறப்படுகிறேன்’னு எழுதி, பூட்டுச் சாவியை வச்சுட்டுப் போங்க. என்னை எதுவும் கேக்காதீங்க.

– அப்ப ஆசைதான். சீ! வேர்க்கடலைக்கு விலைபோயிட்டியே.

– திட்டிக்கிட்டே கையெழுத்துப் போடுங்க.

– போட மாட்டேன். இந்த மனுஷன் எங்கயும் போக மாட்டான். கூப்பிடு பெரியவரை, நானே பேசறேன்.

– போனை வைங்க! வைங்க அண்ணா... சரி. சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். விட மாட்டீங்க போல. அந்த அலமாரி மேல உங்க ஃபிளாஸ்க் இருக்கே, அதைத் தூக்குங்க. அதுக்கு அடியில இருக்கறது என்ன?

– சொந்தபந்தப் பதிவேடு. வழக்குல நமக்கு வேண்டியவங்க இருந்தா எழுதி வைக்கறது. எழுதினவங்க அந்தக் கட்டைத் தொடக் கூடாது. இது எதுக்கு இப்ப?

– கடைசிப் பக்கம். படிங்க.

– ‘படகு வழக்கு. இறந்தோர் பட்டியலில் பதினேழாவது பெயர், தியமிகே. உறவு, தங்கை. எனலா...’ தங்கையா? உனக்குக் கூடப்பிறந்தவங்களே கிடையாதே! உன் சர்வீஸ் ஃபைல்ல ‘யாரும் இல்லை’ன்னு நானே பார்த்திருக்கேன். பெரியவரோட ஆளுங்களும் அதைத்தான் பார்த்திருப்பாங்க.

– அந்தப் படிவம் வெள்ளைக்காரன் அச்சடிச்சது. அவனுக்கு அவ வெறும் கசின். நீங்களும் பெரியவரும் வடக்கத்திக்காரங்க, அப்பா வழி. நாங்க அம்மா வழி. என் சித்தி மக எனக்குத் தங்கச்சி, அதுக்கு வேற பேரே எங்க வீட்ல கிடையாது. கட்டு நம்ம ஆபீஸுக்கு வந்த அன்னிக்கே எழுதிட்டேன். ஹைகோர்ட் ரெஜிஸ்டிராரும் பக்கத்துலயே கையெழுத்துப் போட்டிருக்கார், பாருங்க. நீங்கதான் அதுமேல டீயை வச்சுட்டு ஒரு நாளும் திறக்கலை.

– ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?

– நீங்க அவருக்கு ஆலோசகர். ‘எனலாவால கையெழுத்துப் போட முடியுமா’ன்னு அவர் கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்பீங்களா?

– மாட்டேன்.

– அதான் சொல்லலை.

– ஆனா... பழி வாங்கறதுக்கா பண்ற? மனசுல கை வச்சுச் சொல்லு.

– எனக்குப் பழி வாங்கணும்னுதான் இருக்கு. அந்த மாப்பிள்ளையைப் பார்த்தா கழுத்தை நெரிக்கணும்போல இருக்கு. அதனாலதானே அண்ணா நான் தொடக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது? நான் தொடலை. அவ்வளவுதான்.

– இப்ப நான் பறந்துட்டேன்னா...

– நாற்காலி காலி இல்லை, அதனால புது ஆளை உக்கார வைக்க முடியாது. உங்களை எடுக்கணும்னா கடிதம் உங்க கையில வந்து சேரணும். ஆகாசத்துல யாரு வந்து குடுப்பா? உங்களுக்கு அடுத்து நான்தான். எனக்கு அடுத்துச் சட்டத்துல பேரே இல்லை. ரெண்டு மணிக்குக் குற்றப்பத்திரிகை படிச்சதும் அந்தத் துறைமுக கிளார்க் சாட்சிக் கூண்டுல ஏறுவான், ரேடியோக்காரங்க வெளியில நிக்கறாங்க. அவன் வாயைத் திறந்தப்புறம் நாளைக்கு யாரு நிறுத்தினாலும், ஊரே கேக்க நிறுத்தட்டும்.

– டிக்கெட்டு வாங்கினதே அவர்தானே!

– அவரேதான். சீக்கிரம் அண்ணா.

– இரு. இந்த வெயில்ல எதுக்குத் தலையில துணின்னு ஒரு மாசமா கேட்டுக்கிட்டே இருந்தேன். வேர்வைன்னு சொன்னியே... அவுத்துடு, பார்த்துட்டுப் போறேன். ஐயோ, எனலா!

– போன மாசம்தான் அவ கிடைச்சா. மீன்காரங்க வலையில. எங்க துக்க வழக்கப்படி மொட்டை போட்டேன். அழாதீங்க, இந்தாங்க பேனா. நேரத்தையும் எழுதுங்க, பதினொண்ணு அஞ்சு. ரெண்டு மணிக்கு அந்தத் தாளைத் தொடற கை இந்த நாட்டுல ஒண்ணுகூட இருக்காது.